நீங்கள் குப்பையில் போட்டது ஒரு வெறும் சட்டை

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கும்,

மூன்று சனிக்கிழமைகளுக்கு முன், பேச்சுப் போட்டிக்கு என் மகள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியுடன் வந்தாள். மூடியின் நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. உள்ளே பஞ்சின் மேல், டாரன்டுலா என்ற பெரிய மயிர்ச்சிலந்தி ஒன்று கழற்றிப் போட்ட சட்டை இருந்தது. உயிருள்ள சிலந்தி அல்ல, பாம்புச் சட்டை போல வெறும் தோல். அவள் மேடைக்குப் போகவே இல்லை. பெட்டியைப் பார்த்து யாரோ அலற, மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பினீர்கள். அவளை மட்டும் நடைபாதையில் ஒரு கதிரையில் தனியே இருத்தினீர்கள். பெட்டியைக் கறுப்புப் பையில் கட்டி, கட்டடத்துக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டிக்குள் எறிந்தீர்கள். நான் வந்து கேட்டபோது தொட்டி பூட்டியிருந்தது. மண்டபம் வாடகைக்கு எடுத்தது, திறப்பு எங்களிடம் இல்லை என்றீர்கள்.

அன்று மாலைக்குள் பெற்றோர் குழுவில் செய்தி வந்துவிட்டது: “ஒரு பிள்ளை உயிருக்கு ஆபத்தான விஷச் சிலந்தியைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டது. கடவுள்தான் காப்பாற்றினார்.” செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழுவின் மின்னஞ்சல் வந்தது. மகளின் பெயர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. இனிமேல் பூச்சி, ஊர்வன, விஷஜந்துக்கள் பற்றிய தலைப்புகளுக்கு அனுமதி இல்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளிடமோ என்னிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பக்கத்துப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒன்றைக் கொண்டுவருகிறாள் என்று முன்கூட்டியே உங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காதது என் தவறு, பிள்ளையின் தவறு அல்ல. அன்று நடுங்கிப்போன ஆசிரியையின் பயமும் பொய்யல்ல. சிலந்தியைக் கண்டால் மூச்சடைக்கும் ஆட்களை நான் அறிவேன். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன். ஆனால் ஒருவர் பயந்தார் என்பது வேறு, அந்தப் பயத்தைச் செய்தியாக்கி, செய்தியைத் தீர்மானமாக்கி, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்குவது வேறு.

நான் பதினான்கு வருடங்களாகக் கண் சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். மகள் முதன்முதலில் வீட்டில் வளர்க்க ஒரு டாரன்டுலா கேட்டபோது மறுத்தவளும் நான்தான். மறுத்ததற்குக் காரணம் கடி அல்ல, மயிர். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேற்பக்கத்தில் சுணை போன்ற நுண்மயிர்கள் உண்டு. தொந்தரவு செய்தால் பின்காலால் உரசி அவற்றைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் காஞ்சோண்டி பட்டதுபோல அரிக்கும். கண்ணில் பட்டால் விஷயம் பெரிது. 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு 29 வயது ஆண் ஒருவர் மூன்று வாரமாகச் சிவந்து நீர்வடிந்த கண்ணோடு வந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது கருவிழிக்குள் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன. தான் வளர்க்கும் டாரன்டுலாவின் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி எதையோ பனிபோலத் தன் முகத்தை நோக்கி வீசியது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாமணத்தால் பிடுங்க முடியாத அளவுக்கு அவை சின்னவை. லான்செட் என்ற மருத்துவ ஏடு அதைப் பதிவு செய்தது. அவர் வளர்த்ததும் சிலி ரோஸ் இனம்தான், எங்கள் வீட்டில் இருப்பதும் அதே இனம்தான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. இருக்கிற ஆபத்து எது என்று தெரிந்தபடியால்தான் எங்கள் வீட்டில் தொட்டியைத் துப்புரவு செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் போடாமல் ஒருவரும் மூடியைத் திறப்பதில்லை. கழற்றிய சட்டையிலும் அந்த மயிர்கள் ஒட்டியிருக்கும். அதனால்தான் அந்தப் பெட்டியின் மூடிக்கு டேப் ஒட்டினோம். அதை ஒட்டியவள் என் மகள். நீங்கள் கவனமில்லாத பிள்ளை என்று எழுதியது அவளைத்தான்.

இனி குழுவில் வந்தவற்றுக்கு வருகிறேன்.

“கடித்தால் மூன்று மணி நேரத்தில் மரணம்” என்று ஒருவர் எழுதினார். பதினேழு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். டாரன்டுலாவின் நஞ்சால் மனிதர் இறந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட ஒரு சம்பவம்கூட மருத்துவப் பதிவுகளில் இல்லை. சிலி ரோஸ் கடித்தால் குளவி கொட்டியதுபோல நோகும், வீங்கும், அடங்கும். குளவிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள்போல யாருக்காவது ஒவ்வாமை வந்தால் மருத்துவம் வேண்டும், அவ்வளவே. எல்லா டாரன்டுலாவும் ஒன்றல்ல. நம் இலங்கையிலும் இந்தியாவிலும் மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதெரியா இனங்கள் கடித்தால் கடும் தசைப்பிடிப்பு வரும், சிலருக்கு நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். பழக்கமில்லாதவர்கள் அவற்றை வீட்டில் வைக்கவே கூடாது என்பது என் எண்ணம். மகள் ஒருமுறை ஆசைப்பட்டாள், நான் சம்மதிக்கவில்லை.

“கழிவறை இருக்கைக்கு அடியில் பதுங்கியிருக்கும் சிலந்தி, ஐந்து பெண்கள் பலி” என்ற செய்தியையும் மகளின் பெட்டிப் படத்தோடு சேர்த்து அனுப்பினீர்கள். அந்தக் கதைக்கு என் மகளைவிட இரண்டு மடங்கு வயது. 1999இல் மின்னஞ்சலில் கிளம்பியது. அப்போது அதற்கு வைத்திருந்த லத்தீன் பெயரே போலி, அப்படி ஒரு சிலந்தி உலகில் இல்லை. சில வருடங்களில் யாரோ அதைக் கொஞ்சம் திருத்தி, தெலமோனியா டிமிடியாட்டா என்ற உண்மையான சிலந்தியின் பெயரை ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். அது ஆசியாவின் பச்சைக் காடுகளில் இலைமேல் குதித்துத் திரியும் சின்னச் சிலந்தி, நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. மனிதருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டாரன்டுலாவுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

டாரன்டுலா வளர்ப்பது சட்டவிரோதம் என்று எழுதியவருக்கு: பிரித்தானியாவின் 1976ஆம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் சிலந்திகள் சில உள்ளன. சிட்னியின் புனல்வலைச் சிலந்தி, பிரேசிலின் அலையும் சிலந்தி, கறுப்பு விதவை போன்றவை. டாரன்டுலா அதில் இல்லை.

குஞ்சு பொரித்துக் கட்டடம் முழுவதும் பரவும் என்றும் ஒருவர் கவலைப்பட்டார். எங்கள் வீட்டில் இருப்பது தனியாக வாழும் ஒரே ஒரு பெண் சிலந்தி. அது பெண் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. டாரன்டுலா சட்டை கழற்றும்போது வெளித்தோல் மட்டும் போவதில்லை. நச்சுப்பல்லின் உறையும், வயிற்றின் ஒரு பகுதி உட்தோலும், ஏடுகள்போல் அடுக்கிய சுவாச உறுப்பின் படலமும் சேர்ந்தே கழலும். அந்தச் சட்டையின் வயிற்றுப்பகுதியை நீரில் நனைத்து விரித்து, பெருக்காடியில் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியும். மகளும் நானும் சமையலறை மேசையில் இருந்து அதைப் பார்த்தோம். நீங்கள் குப்பைத் தொட்டிக்குள் எறிந்த அதே சட்டைதான். வளர்ந்த பெண் சிலந்தி வருடத்துக்கு ஒருமுறைகூட உரிக்காது. மறுபடி ஒன்று எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

அந்தச் சிலந்தியின் பெயர் மல்லி. பேச்சின் தலைப்பு “எங்கள் வீட்டு மல்லி”. ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஏழு வாரம் பயிற்சி எடுத்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, இந்தப் பேச்சுக்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். தோல் கழற்றுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வரவில்லை. அம்மம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். “பாம்பு சட்டை கழட்டுது எண்டுதானே சொல்லுவம், இதுவும் அதுதானே பிள்ளை” என்றார் அம்மா. சில்வண்டு, தும்புத்தூள், பொந்து, சுணை எல்லாம் அந்த ஏழு வாரத்தில் அவள் வாயில் ஏறிய சொற்கள். ஒருநாள் கேட்டாள்: “அம்மா, காளான்லயும் விசம், சிலந்தியிலயும் விசம் எண்டா ரெண்டும் ஒண்டா?” தின்றால் கொல்வது ஒன்று, பல்லால் ஏற்றுவது இன்னொன்று, நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்லாய்ப் போய்விட்டது என்று விளங்கப்படுத்தினேன். அந்த வித்தியாசத்தைத் தன் பேச்சில் ஒரு வரியாக எழுதியிருந்தாள். ஒரு தமிழ்ப் பள்ளி இதைவிட வேறு எதை எதிர்பார்க்கிறது?

அந்தப் பேச்சு மல்லியைப் புகழும் பேச்சும் அல்ல. சிலந்தி நம்மை அடையாளம் கண்டு பாசம் காட்டும் என்று நம்பிக் கையில் ஏற்றி விளையாடுபவர்களைப் பற்றி அவள் கோபமாகவே எழுதியிருந்தாள். டாரன்டுலா பழகாது. கையில் அமைதியாக இருக்கிறது என்றால் இடம் பிடிபடாமல் நிற்கிறது என்றுதான் அர்த்தம். மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிறு வெடித்து உயிர் போகலாம். மல்லாந்து படுத்திருந்தால் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்து எறிந்துவிடுகிறார்கள், சட்டை கழற்றத்தான் அது அப்படிப் படுக்கும். மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் அதன் இயல்பு. மல்லி ஒருமுறை ஐந்து மாதம் ஒன்றும் தின்னவில்லை, மகள் ஒவ்வொரு இரவும் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் படுத்தாள். பெண் சிலந்தி இருபது வருடத்துக்கு மேல் வாழலாம், ஆகவே பல்கலைக்கழகம் போகும்போதும் அது தன் பொறுப்பு என்று எழுதியிருந்தாள். பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளுக்குத்தான் பொருந்தும். சிலந்தியைக் கவனிக்காமல் கொன்றாலும் கேட்பாரில்லை, அதனால் நாமாகவே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய கடைசி வரி. நான் எழுதிக் கொடுத்ததல்ல.

எங்கள் அம்மா வடஇலங்கையில் மாங்குளத்துப் பக்கம். அவர் சின்ன வயதில் வீட்டுக் கூரையில் கையகல மயிர்ச்சிலந்தி இறங்கினால் விளக்குமாற்றால் அடித்து, செத்ததா என்று உறுதிப்படுத்தி, பிறகு எரித்தும் விடுவார்களாம். மூத்திரம் பட்டாலே உடம்பில் கொப்புளம் போடும் என்று நம்பினார்கள். தோலில் வரும் கட்டிக்கே சிலந்தி என்று பெயர் வைத்த மொழி நம்முடையது, பயம் அவ்வளவு பழையது. அப்படி வந்த கொப்புளங்களில் பல அக்கியாக இருந்திருக்கும், அல்லது இரவில் விளக்குக்கு வந்து தோலில் நசுங்கும் ஒருவகை வண்டின் எரிநீராக இருந்திருக்கும்.

போர் முடிந்த பின் அதே மாங்குளத்தில், ஊரார் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தி ஆய்வாளர்கள் கையில் கிடைத்தது. தேடிப் போனார்கள். காட்டுக்குள் வழிகாட்டிக் கூடப்போனவர் ராஜகுமார் என்ற காவல்துறை அதிகாரி. மரப்பொந்துகளிலும், மாங்குளம் மருத்துவமனையின் பழைய டொக்டர் குவார்ட்டர்ஸிலும் அவை இருந்தன. கால் விரித்தால் இருபது சென்டிமீட்டர். 2012இல் அதைப் புதிய இனமாக விவரித்தபோது அந்த அதிகாரியின் பெயரையே வைத்தார்கள்: பொயிசிலோதெரியா ராஜேயி. வெளியிட்டது பிரித்தானிய டாரன்டுலா சங்கத்து ஏடு. காட்டு மரம் குறையக் குறையத்தான் அவை வீட்டுக்குள் வருகின்றன. 2019இல் இலங்கையும் அமெரிக்காவும் கேட்டு, அந்தப் பேரினம் முழுவதையும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டில் பிடித்து விற்பவர்களிடமிருந்து அவற்றைக் காக்கத்தான். மல்லி இங்கே வளர்ப்பில் பிறந்தது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே நான் பணம் கொடுத்தேன். என் மகள் தன் அம்மம்மாவின் ஊரைப் பற்றிச் சக மாணவர்களுக்குச் சொல்லவிருந்த செய்தி இது. யுத்தச் செய்தி தவிர மாங்குளத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகள் வேறு என்ன கேட்டிருக்கிறார்கள்?

நீங்களே சமய வகுப்பில் சொல்லிக்கொடுத்த கதை ஒன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னி நிழல் கொடுத்தது ஒரு சிலந்தி. யானை அதைக் குப்பையென்று கலைத்தது. அந்தச் சிலந்திதான் மறுபிறப்பில் கோச்செங்கட் சோழ நாயனார், அறுபத்துமூவரில் ஒருவர். போன வருடம் குருபூசை அன்று என் மகள் அந்தக் கதையை உங்கள் மேடையில்தான் சொன்னாள். அப்போது சிலந்தி தடைசெய்யப்பட்ட தலைப்பாக இருக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, பெற்றோர் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டவரே திருத்தமும் போட வேண்டும். பள்ளிக்கு வந்தது உயிருள்ள சிலந்தி அல்ல, மூடி ஒட்டிய பெட்டிக்குள் இருந்த தோல் என்ற ஒரு வரி போதும். கழிவறைச் செய்தியையும் மகளின் பெட்டிப் படத்தையும் அழிக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் அவளுடைய கையும் வளையலும் தெரிகின்றன, எல்லாப் பிள்ளைகளுக்கும் அது யார் என்று தெரியும்.

இரண்டாவது, செவ்வாய்க்கிழமைத் தீர்மானத்தை மீளப்பெற வேண்டும். பூச்சியையும் பாம்பையும் சிலந்தியையும் பற்றித் தமிழில் பேசக்கூடாது என்று ஒரு தமிழ்ப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, அதற்குப் பதிலாக ஒழுங்கான விதி ஒன்று எழுதுங்கள். உயிருள்ள பிராணி எதையும் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அதை நானே முதலில் ஆதரிப்பேன். தோல், ஓடு, இறகு, படம் போன்றவை என்றால் ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பெட்டி மூடியிருக்க வேண்டும். பார்க்க விரும்பாத பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் வேறு அறையில் இருக்க வசதி வேண்டும். வரைவு எழுதித் தர நான் தயார்.

நான்காவது, அடுத்த தவணையில் அவள் தன் பேச்சைப் பேச இடம் கொடுங்கள். பரிசு வேண்டாம், போட்டியில் சேர்க்கவும் வேண்டாம். மேடையும் ஐந்து நிமிடமும் போதும். கையில் பெட்டி இருக்காது, படம் மட்டும் காட்டுவாள்.

கடைசியாகக் கேட்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு சனிக்கிழமைகளாக அவள் வகுப்புக்கு வரவில்லை. காலையில் எழுப்பினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். நடைபாதையில் அவளைத் தனியே இருத்தியவர் யாரோ, அவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அல்லது அவளைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். எனக்கு மின்னஞ்சல் வேண்டாம். அவளோடு கதையுங்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளிடமே கேளுங்கள், தமிழில் கேளுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு முன் இது நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்